லேசரில் மரவேலை: முதலில் கற்போம், கடனைப் பிறகு பார்ப்போம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றிப் பேச வரவில்லை. ஒரு மெஷினைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டு மூன்று மாதமாக நம் பகுதிக் குழுக்கள் பலவற்றில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருத்தர் பெட்டியோடு வருகிறார். நடு வீட்டில் மெஷினை வைத்து, சின்னப் பலகைத் துண்டில் குழுவின் பெயரை இரண்டு நிமிஷத்தில் எழுதிக் காட்டுகிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. "வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம், நீங்க செய்யறதை நாங்களே வாங்கிக்கிறோம், குழுக்கடன் போட்டு எடுத்துக்கோங்க" என்கிறார். இரண்டு குழுக்கள் தீர்மானம் எழுதுகிற அளவுக்குப் போய்விட்டன. அதனால்தான் தலைவி அக்கா என்னை இன்றைக்குப் பேசச் சொன்னார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த மெஷினுக்கு எதிரி இல்லை. ஒரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் டவுனில் ஒரு கல்லூரிப் பட்டறைக்குப் போய் இதைக் கற்றுக்கொண்டு வருகிறேன். பிழைப்புக்காக இல்லை, ஆசைக்காகத்தான். நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்ல வந்திருக்கிறேன். கடன் வாங்கிக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பொழுதுபோக்கு என்று சொன்னால் நம் அக்காமார்களுக்குச் சிரிப்பு வரும். "பொழுது போகலைன்னா அழுவுறோம், பொழுது பத்தலைன்னுதானே அழுவுறோம்" என்று ஒரு அக்கா கேட்டார்கள். நியாயம்தான். ஆனால் வயர் கூடை பின்னுகிறோம். மார்கழிப் பனியில் உட்கார்ந்து இருபத்தொரு புள்ளி வைத்துக் கோலம் போடுகிறோம். அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. பெண்களுக்கு ஒரு பயிற்சி என்றால் மட்டும், "மாசம் எவ்வளவு வரும்?" என்ற கேள்வி முதலில் வந்து நிற்கிறது. கடன் வாங்கிவிட்டால் அந்தக் கேள்வி கழுத்தைப் பிடிக்கும். பலகை கெட்டுப்போனால் சிரித்துவிட்டு அடுத்ததை எடுக்க முடியாது. பழகுகிற காலத்தில் பலகை கெடத்தான் செய்யும். என் மேசைக்குக் கீழே ஒரு சாக்கு நிறையக் கிடக்கிறது.

சரி, லேசர் என்றால் என்ன? பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கி விளையாடியிருப்பீர்கள். பரந்து கிடக்கிற வெயில் ஒரு புள்ளியில் கூடும்போது சுடுகிறது. லேசர் மெஷினிலும் ஒரு லென்ஸ் உண்டு. அதற்குள் வருகிற ஒளி வெயிலைப் போல் நாலா பக்கமும் சிதறாது. ஒரே நிறமாக, ஒரே திசையில் வரும். அதனால் அதை மிகச் சின்னப் புள்ளியில் குவிக்க முடிகிறது. அந்தப் புள்ளி படுகிற இடத்தில் மரம் எரிந்து ஆவியாகிப் போய்விடும்.

இதற்கான எண்ணத்தை 1917-இல் ஐன்ஸ்டீன் எழுதினார். முதல் லேசரை 1960-இல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் செய்து காட்டினார். மரம் வெட்டுகிற பெரிய மெஷின்களில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். சோடா பாட்டிலைத் திறந்தால் நுரைக்கிறதே, அதே வாயுதான் அதன் கண்ணாடிக் குழாய்க்குள் வேலை செய்கிறது. அந்த லேசரை 1964-இல் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல். மகாராஷ்டிராவில் புனே மாவட்டத்துப் பாராமதியில் 1938-இல் பிறந்தவர். புனேயில் இன்ஜினியரிங் படித்து, அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது கண்டுபிடித்தார். இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்க.

வீட்டுக்கு வீடு கொண்டு வந்து காட்டுகிறார்களே, அது இந்த வகை இல்லை. அது டையோடு லேசர், நீல ஒளி வரும். விலை குறைவு, வலுவும் குறைவு. பெயர் எழுத, மெல்லிய பலகை வெட்ட அது போதும். வாயு லேசரின் ஒளி கண்ணுக்கே தெரியாது. பலகையில் தெரிகிற பொறியும் வெளிச்சமும் மரம் எரிவதால் வருவது. அந்தக் குழாய் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீரே சுட்டுவிடும், குழாய் கெடும். வேலை நடக்கும்போது கரண்ட் போனால் விட்ட இடத்தில் இருந்து தொடர்வது சிரமம், பலகை வீண். நம் ஊர் கரண்ட் உங்களுக்குத் தெரியாததா?

மெஷின் இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று வெட்டுவது. கோடு போகிற பாதையிலேயே லேசர் போய்ப் பலகையை அறுத்துவிடும். மற்றது செதுக்குவது. அப்போது ஏர் ஓட்டுவது போல இடமும் வலமுமாக வரிசை வரிசையாகப் போய், கருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சுடும். எது வேண்டும், எவ்வளவு வேகம், எவ்வளவு சூடு என்று நாம்தான் சொல்ல வேண்டும். மெதுவாகப் போனால் ஆழமாக வெட்டும், கூடவே ஓரம் கருகும். வேகமாகப் போனால் மேலே கோடு விழும், அடியில் அறுபடாது.

ஒரே அளவு எல்லாப் பலகைக்கும் பொருந்தாது. அதனால் புதுப் பலகை வந்தால் முதல் வேலை சோதனைத் துண்டு. வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டம் வெட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வேகம், சூடு எழுதி வைக்க வேண்டும். அதை ஒரு நோட்டில் ஏற்ற வேண்டும். குழுவில் கணக்கு எழுதுகிற அக்காமார்கள் இதில் தேறிவிடுவார்கள் என்பது என் கணிப்பு. மற்றவர்கள் எழுதச் சோம்பல்படுவார்கள், ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து ஆரம்பிப்பார்கள்.

இப்போது கோலத்துக்கு வருகிறேன். நம்மில் யார் இதைக் கற்றாலும் முதலில் கோலத்தைத்தான் வெட்டப் பார்ப்போம். சிக்குக் கோலத்தை அப்படியே கொடுத்து வெட்டு என்றால் என்ன ஆகும்? கோடு போகிற இடமெல்லாம் அறுபட்டு, கோலம் துண்டு துண்டாகக் கீழே கொட்டிவிடும். கையில் ஒன்றும் மிஞ்சாது. மாவுக் கோலத்தில் கோடு என்பது ஒரே இழை. பலகையில் அந்த இழைக்கு அகலம் வேண்டும், அதாவது இரண்டு கரை வேண்டும். வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் வரப்பு இருக்கிற மாதிரி. கோடுகள் ஒன்றையொன்று தாண்டுகிற இடத்தில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். அப்படி வரைந்தால் நடுவில் இருக்கிற வெற்றிடம் மட்டும் விழும், கோலம் முழுசாக நிற்கும். கோலத்தைச் செதுக்குவதாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

தமிழ் எழுத்திலும் இதே சங்கதி உண்டு. அ, ண, ன, கு போன்ற எழுத்துகளில் சுழி இருக்கிறது. பலகையில் எழுத்தை ஓட்டையாக வெட்டினால் சுழிக்குள் இருக்கிற பொட்டுத் துண்டு கீழே விழுந்துவிடும், சுழி வெறும் குழி ஆகிவிடும். அந்தப் பொட்டைப் பிடித்துக்கொள்ளச் சின்னதாக ஒரு பாலம் விட வேண்டும். எங்கே பாலம் விட்டால் எழுத்து கெடாது என்று பார்ப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்குப் பாலம் போட்ட வடிவங்கள் தயாராகக் கிடைக்கும். தமிழுக்கு நாமே உட்கார்ந்து போடுவதுதான் நல்லது. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான். ஒரு எழுத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே" என்று பயப்பட வேண்டாம். வெள்ளைத் தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அழுத்தமாக வரையுங்க. போனில் நேராகப் படம் எடுங்க. இங்க்ஸ்கேப் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம். அதில் படத்தைப் போட்டு டிரேஸ் பிட்மேப் என்ற கட்டளையைக் கொடுத்தால், நாம் வரைந்ததை மெஷினுக்குப் புரிகிற கோடாக மாற்றிக் கொடுக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் பழகிவிடுகிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்வதில் வெட்கம் இல்லை. ஆனால் வரைகிற கை உங்களுடையதாக இருக்கட்டும். மெஷின் எங்கேயும் கிடைக்கும், உங்க பாட்டி போட்ட கோலம் எங்கேயும் கிடைக்காது.

தமிழில் தட்டச்சு செய்து வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் எழுத்து மாறி, கட்டம் கட்டமாகத் தெரியும். கொண்டுபோகும் முன்பே எழுத்துகளைப் படமாக, அதாவது வெறும் கோடாக, மாற்றிவிட வேண்டும். எழுத்துப் பிழையையும் அதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்க. மரத்தில் சுட்டதற்கு அழிரப்பர் கிடையாது.

அடுத்தது மரம். பழகுவதற்கு 3 மில்லிமீட்டர் பிளைவுட் நல்லது. பிளைவுட்டில் பசை முக்கியம். தண்ணீர் தாங்கும் என்று சொல்லி விற்கிற மரைன் பிளைவுட்டின் கருப்புப் பசை லேசருக்குச் சுலபத்தில் அறுபடாது. சாதாரண உள்வேலை பிளைவுட் அறுபடும். நடு அடுக்கில் கணு இருந்தால் அந்த இடம் மட்டும் அறுபடாமல் நிற்கும், வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. செதுக்குவதற்கு ரப்பர் மரம் மாதிரி வெளிர் நிற மரம் எடுங்க, எழுத்து பளிச்சென்று தெரியும். மூங்கிலிலும் நன்றாக வரும். கொட்டாங்கச்சியில் சின்னதாக எழுதலாம். அது வளைந்திருப்பதால் பெரிய எழுத்தின் ஓரம் மங்கிப்போகும். லென்ஸுக்கும் பரப்புக்கும் இடையில் உள்ள தூரம் மாறினால் புள்ளி விரிந்துவிடும், அதுதான் காரணம்.

பெட்டி செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். 3 மில்லிமீட்டர் என்று கடையில் கொடுக்கிற பலகை உண்மையில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அளந்து பாருங்க. லேசரும் தன் பாதையில் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை மரத்தைத் தின்றுவிடும். இரண்டையும் கணக்கில் எடுக்காவிட்டால் பல் பல்லாகக் கோத்த பெட்டி லொடலொடவென்று ஆடும். மேலே காகித மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டினால் புகைக் கறை படியாது. மிச்சத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம்.

ஆசாரிகள் பிழைப்பு என்ன ஆகும் என்று ஒரு தங்கச்சி கேட்டாள். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே உளியால் செய்கிற முகத்தையும் மடிப்பையும் இந்த மெஷினால் செய்ய முடியாது. இது தட்டையான பலகையில் தட்டையான வேலை செய்யும். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கு வேண்டுமானால் போட்டி வரலாம், அது உண்மை.

இனி சொல்லப்போவதை யாரும் விட்டுவிடக் கூடாது. அந்தப் பெட்டிக்காரர் நடு வீட்டில் மெஷினை வைத்துக் காட்டினார் என்று சொன்னேனே, சுற்றிலும் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். மூடி இல்லாத மெஷின் அது. மரத்தை அறுக்கிற ஒளி கண்ணை என்ன செய்யும்? நீல லேசர் கண்ணுக்குள் புகுந்து பின்திரையைச் சுட்டுவிடும். ஒரு கணம் போதும், வலிகூடத் தெரியாமல் போகலாம். சுட்ட இடத்தில் பார்வை திரும்பி வராது. நேராக விழ வேண்டும் என்றில்லை. பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்பினாலும் ஆபத்துதான். வலுவான லேசராக இருந்தால் பலகையில் பட்டுச் சிதறுகிற ஒளியை உற்றுப் பார்த்தால்கூடக் கெடுக்கும். வாயு லேசர் கண்ணின் முன்பக்கத்தைச் சுடும். அதனால் முழுக்க மூடிய, மூடியைத் திறந்தால் தானே நின்றுவிடுகிற மெஷினில்தான் பழக வேண்டும். மெஷினோடு இலவசமாக ஒரு கலர் கண்ணாடி கொடுப்பார்கள். கலரைப் பார்த்து நம்பாதீங்க. எந்த அலைநீளத்துக்கு, எவ்வளவு தடுக்கும் என்று கண்ணாடியிலேயே அச்சடித்திருக்க வேண்டும். நீல லேசருக்குச் செய்த கண்ணாடி வேறு வகை லேசருக்கு ஆகாது. நமக்கு ஒரு கண்ணாடி இருந்து, பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு இல்லாவிட்டால், பிள்ளை அந்த அறையில் இருக்கக் கூடாது.

புகையைச் சொல்கிறேன். மரப் புகையே மார்புக்கு ஆகாது, விறகடுப்பில் இருமினவர்களுக்குத் தெரியும். பிளைவுட்டிலும் எம்.டி.எஃப். பலகையிலும் உள்ள பசை எரிந்தால் இன்னும் மோசம். புகையை இழுத்து வீட்டுக்கு வெளியே தள்ளுகிற விசிறியும் குழாயும் கட்டாயம் வேண்டும். ரெக்ஸின், பி.வி.சி. இரண்டையும் எந்தக் காரணத்துக்கும் லேசரில் வைக்காதீங்க. அவற்றில் குளோரின் இருக்கிறது. எரிந்தால் வருகிற வாயு நுரையீரலை அரிக்கும், மெஷினையும் துருப்பிடிக்க வைக்கும். தோல் என்று சொல்லிக் கொடுக்கிற பல பர்ஸ்கள் ரெக்ஸின்தான். "இதில் பெயர் போட்டுக் கொடு" என்று சொந்தக்காரர் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்க.

மெஷின் ஓடும்போது அடுப்பில் பால் வைத்த மாதிரி பக்கத்திலேயே நிற்க வேண்டும். தீப்பிடிப்பது இதில் அபூர்வம் இல்லை. தீ பிடித்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்க. தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாயு லேசரின் பெட்டிக்குள் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் இருக்கும். அதை நாம் திறக்கவே கூடாது. இதையெல்லாம் அந்தப் பெட்டிக்காரர் ஒரு வார்த்தை சொன்னாரா? கேட்டுப் பார்த்தேன், எந்தக் குழுவிலும் சொல்லவில்லை.

கணக்குக்கு வருவோம். மெஷின், கம்ப்யூட்டர், விசிறி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 24 மாதத் தவணை. அசல் 4,167 ரூபாய், முதல் மாத வட்டி 1,000 ரூபாய், ஆக 5,167 ரூபாய் கட்ட வேண்டும். பின்னால் வட்டி குறைந்துகொண்டே வரும், அது வேறு. ஒரு சாவிக்கொத்தில் பலகை, கரண்ட், கெட்டுப்போனது எல்லாம் போக 20 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்தால்கூட, முதல் மாதத் தவணைக்கே சுமார் 260 சாவிக்கொத்து விற்க வேண்டும். நம் கூலியை இன்னும் சேர்க்கவில்லை. மாசா மாசம் 260 சாவிக்கொத்து வாங்க நம் ஊரில் அத்தனை சாவியே இல்லை, அக்கா. "நாங்களே வாங்கிக்கிறோம்" என்கிறாரே, அதை எழுதிக் கொடுப்பாரா? எத்தனை, என்ன விலைக்கு, எத்தனை மாதத்துக்கு? தரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் நஷ்டம் யாருக்கு? மெஷின் கெட்டால் ரிப்பேருக்கு யார் வருவார்? கண்ணாடிக் குழாய் ஓட ஓட வலு குறையும், அதை மாற்ற என்ன செலவு? இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்ட பதில் வரும்வரை தீர்மானப் புத்தகத்தைத் திறக்காதீங்க. குழுக்கடனில் ஒருத்தர் தவணை தவறினால் மற்றவர்கள் தலையிலும் விழும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மெஷின் வாங்காமல் எப்படிக் கற்பது? டவுனில் திருமண போர்டும் கேடயமும் செய்கிற கடைகளில் லேசர் மெஷின் இருக்கிறது. நம் வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஓடுகிற நேரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வெட்டிக் கொடுப்பார்கள். நம் கோலத்தை முதல் தடவை பலகையில் பார்க்க அது போதும். பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கல்லூரிகள் சிலவற்றில் மெஷின் இருக்கிறது, கூட்டமைப்பின் பெயரில் கடிதம் கொடுத்துக் கேட்கலாம். ஃபேப் லேப் என்று பொதுப் பட்டறைகளும் உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்வி நிறுவனத்தில் ஆரம்பித்த யோசனை அது. கணினியால் இயங்கும் கருவிகளை ஒரே இடத்தில் வைத்து, ஊர் மக்களும் வந்து பயன்படுத்த விடுவது. எம்.ஐ.டி.க்கு வெளியே முதன்முதலில் தொடங்கியவற்றில் ஒன்று எங்கே தெரியுமா? புனே மாவட்டத்தில் பாபல் என்ற கிராமத்தில், 2002-இல். டாக்டர் கல்பாக் என்பவர் 1983-இல் அங்கே ஆரம்பித்த விஞ்ஞான ஆசிரமத்தில்தான் அது வந்தது. பிள்ளைகள் கையால் வேலை செய்தபடியே படிக்க வேண்டும் என்று நடத்துகிற இடம் அது. கேரளாவில் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் அரசின் ஸ்டார்ட்அப் மிஷன் மூலம் ஃபேப் லேப்கள் வந்தன.

நான் போகிற பட்டறையில் பேசியிருக்கிறேன். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் ஆறு ஆறு பேராக வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் செலவும் பலகைச் செலவும் நம்முடையது. விருப்பம் உள்ளவர்கள் குழு ஊக்குநரிடம் பெயர் கொடுங்க. வரும்போது ஒரு நோட்டு, நீங்களே கறுப்பு மையில் வரைந்த ஒரு கோலம் அல்லது பெயர், உள்ளங்கை அளவுக்கு மேல் வேண்டாம். முந்தானையைச் செருகி, முடியை முடிந்துகொண்டு வாங்க. கைக்குழந்தைகளை மட்டும் அன்றைக்கு வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு வரணும். பெட்டிக்காரர் அடுத்த வாரம் வந்தால், நான் சொன்ன கேள்விகளை எழுதிக் கொடுத்து, பதிலை வாங்கி என்னிடம் காட்டுங்க.